களி கிண்டுகிற நேரம்

கையெடுக்கக் கூடாது. உளுந்தங்களி கிண்ட ஆரம்பித்துவிட்டால் வீடே பற்றி எரிந்தாலும் கையெடுக்கக் கூடாது, எடுத்தால் கட்டி தட்டிப்போகும் என்று ராமலட்சுமி சொல்வாள். சொல்லிவிட்டு ஒரு கையால் கிண்டிக்கொண்டே மறு கையால் பிள்ளைக்கு மூக்கைச் சிந்திவிடுவாள், அடுப்பைக் குறைப்பாள் கூட்டுவாள், வாசலில் நிற்கிற கீரைக்காரியோடு இங்கிருந்தே பேரம் பேசி முடிப்பாள். இவளுக்கு இரண்டு கைதானா என்று கோமதிநாயகத்துக்கு அப்போதே ஒரு சந்தேகம் உண்டு. அவள் மஞ்சள் காமாலையில் போய் நாலு வருஷம் ஆகிறது. இப்போது அதே அம்பத்தூர் வீட்டு அடுப்படியில், அதே வெண்கல உருளியில், பனியனும் கைலியுமாக நின்று கிண்டுகிறவன் அவன். லேத்துப் பட்டறையில் இரும்பைக் கத்தரிக்காய் மாதிரி சீவுகிற கை, அரைச்சட்டி உளுந்துமாவுக்கு முன்னால் வழி தெரியாமல் சுற்றுகிறது. வலது பக்கமாகக் கிண்டணுமா, இடது பக்கமாகவா? அவள் ஒரே பக்கமாகத்தான் கிண்டுவாள், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. எந்தப் பக்கம் என்று கேட்டால் பேந்தப் பேந்த முழிக்கணும். பதினாலு வருஷம் பக்கத்திலேயே பலகை போட்டு உட்கார்ந்து தின்ற மனுஷன், தின்றதைத்தான் பார்த்தான், கிண்டினதைப் பார்க்கவில்லை. சரி, எந்தப் பக்கமோ, கிண்டு. உள்ளே அறையில் செண்பகா படுத்திருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது. இன்றைக்குக் காலையில் அவள் பெரியவளாகிவிட்டாள், பெரியவளான பிள்ளைக்கு இடுப்பெலும்பு உறுதிப்பட உளுந்தங்களி கொடுக்கணும், அதைச் செய்து கொடுக்க வீட்டில் அப்பனைத் தவிர நாதியில்லை. அட சே, இதில் அழுகை வேறயா, கிண்டுலே.

காலையில் அவன் பட்டறைக்குப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். குளியலறைக்குள்ளிருந்து, "அப்பா," என்று ஒரு குரல். எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையின் குரல் இல்லை அது. நாலு வயசில் இருட்டுக்குப் பயந்து கூப்பிடுவாளே, அந்தக் குரல். "என்னம்மா, சோப்பு இல்லையா?" என்று கேட்டான். சோப்பாம்! எப்பேர்ப்பட்ட மடையன். உள்ளே தண்ணீர் சொட்டியது. அப்புறம், "அம்மா பீரோல இருக்கும்ல, அது வேணும்," என்றாள். எது என்று கேட்க வாயெடுத்து, நல்லவேளை, பாதியில் நிறுத்திக்கொண்டான். பீரோவில் சேலைகளுக்கு அடியில் அந்தப் பொட்டலம் நாலு வருஷமாகக் கிடந்தது. பிரித்துப் பார்த்தால் பாச்சை உருண்டை வாசம். ராமலட்சுமி மிச்சம் வைத்துவிட்டுப் போனது. அதைக் கொடுக்க மனசு வராமல், "இந்தா வந்துடுதேன்," என்று சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினான், பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்கு இல்லை, ரயில்வே கேட்டைத் தாண்டி முன்பின் தெரியாத ஒரு மருந்துக்கடைக்கு. வந்து, கதவிடுக்கு வழியாக நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். ஒரு ஈரக்கை வாங்கிக்கொண்டது. "போடத் தெரியுமா தாயி?" என்று கேட்கத்தான் நினைத்தான். நினைத்ததோடு சரி. அவளே சொன்னாள், "ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்கப்பா." அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். "யாருக்கும் சொல்லாதீங்க. அத்தைக்குக்கூட. சத்தியம்?" அத்தை என்றால் பேச்சியம்மாள், கோமதிநாயகத்தின் அக்கா, பாடியில் இருக்கிறாள்; தகவல் போனால் அரைமணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கிவிடுவாள், இறங்கும்போதே குலவை போடுவாள். பிள்ளைக்கு என்ன பயம் என்று அவனுக்குத் தெரியும். போன தை மாசம் அவளோடு படிக்கிற ஒரு பிள்ளைக்குச் சடங்கு நடந்தது. தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் உயரத்துக்கு ஃபிளெக்ஸ், கிரீடம் வைத்த படம், பூப்புனித நீராட்டு விழாவுக்கு வருக வருக என்று இரண்டு பக்கமும் தாய்மாமன்மார் கைகூப்பிக்கொண்டு. அந்தப் பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் வந்த அன்றைக்குப் பையன்கள் வகுப்பில் அவளைப் பார்த்து வருக வருக என்று கைகூப்பினார்களாம். அதைச் செண்பகா சிரிக்காமல் சொன்னாள். அப்போது இவன் சிரித்தான். "சத்தியம்மா, யாருக்கும் சொல்லல, போதுமா?" என்று இன்று காலை கதவைப் பார்த்துச் சொன்னான். அந்தக் கதவு அவன் நகர்கிறவரை சாத்தினது சாத்தினபடிதான். அவள் குளியலறையை விட்டு அறைக்குள் போனதையும் அவன் பார்க்கவில்லை, அடுப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுகொண்டான்.

கருப்பட்டிப் பாகை ஊற்றியதும் மாவு குபுக்கென்று ஒரு கொப்புளம் விட்டு வெடித்து மணிக்கட்டில் சுட்டது. இருக்கட்டும். செண்பகாவுக்கும் இடது முழங்கைக்குக் கீழே இப்படி ஒரு சூட்டுத் தழும்பு உண்டு, மூன்று வயசில் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டது. வலது முழங்காலுக்குப் பின்னால் மிளகு மாதிரி மச்சம். பிடரியில் முடி சுழி, இரட்டைச் சுழி. அவள் உடம்பில் அவனுக்குத் தெரியாத இடம் ஒன்று இருந்ததா? அவளுக்கு முதல் தடுப்பூசி போடக் கொண்டுபோனபோது நர்சம்மா ஊசியைக் கையில் எடுத்ததும் இவன் அழுதுவிட்டான். பிள்ளை அப்பன் முகத்தை வேடிக்கை பார்த்தது. "சார், நீங்க வெளிய நில்லுங்க," என்று நர்சம்மா துரத்திவிட்டாள். ராமலட்சுமி அதைச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் சிரித்தாள். ஆறு வயசில் அம்மை போட்டபோது வேப்பிலைக் கொத்தால் நெஞ்சையும் முதுகையும் வருடிக்கொண்டே உட்கார்ந்திருந்தவன் அவன்தான். "அப்பா இங்க அரிக்குது, இப்ப இங்க, இல்ல கொஞ்சம் மேல, ஆ, அங்கதான்," என்று அவள் சொல்லச் சொல்ல வேப்பிலை போய்க்கொண்டே இருந்தது. என்ன சந்தோஷமான நாட்கள்! பிள்ளைக்கு அம்மை போட்டதைப் போய் யாராவது சந்தோஷம் என்பார்களா? ஆனால் சந்தோஷந்தான். பல் ஆடினால் நாலு தரம் வந்து காட்டுவாள், வயிற்றுக்குப் போகாவிட்டால் தெருவில் போகிறவன் காதுபட உரக்கச் சொல்வாள், "அப்பா, இன்னிக்கும் வரல!" ஆயுத பூசைக்குப் பட்டறைக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது வண்டியின் பெட்ரோல் டேங்கில் குப்புறச் சாய்ந்து தூங்கிவிடுவாள், பொரியும் கடலையும் கையில் பிசுபிசுத்துப்போயிருக்கும், ஒரு கையால் அவளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் வண்டியை உருட்டிக்கொண்டு வருவான். அந்தத் தலையின் கனம் இன்னும் நெஞ்சில் இருக்கிறது. எங்கே சுடுகிறது, எங்கே அரிக்கிறது, எல்லாம் அவனிடம் வந்து சேர்ந்துவிடும். என்றைக்கு அது நின்றது? நின்ற நாள் என்று ஒன்று இருக்குமே, அன்றைக்கு அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? தெரியவில்லை. பிள்ளை வளர்கிறது பிள்ளை வளர்கிறது என்று நாலு பேரிடம் பெருமை பேசிக்கொண்டிருந்திருப்பான்.

கூடத்தில், டிவி மேசைமேல், கைபேசி அடித்தது. அதில் மணிச் சத்தத்துக்குப் பதில் நாதஸ்வரத்தை வைத்துத் தந்தது செண்பகாதான், அப்பாவுக்குச் சாதா மணி காதில் விழமாட்டேன்கிறது என்று. இப்போது பார்த்துக் கெட்டிமேளம் கொட்டுகிற மாதிரி அது ஊதுகிறது. போய் எடுக்க முடியாது. பாகும் மாவும் சேருகிற நேரம், இப்போது விட்டால் போச்சு. எடுக்காமலே யாரென்று தெரியும். பேச்சியக்கா. வேறு யார்? மருந்துக்கடைக்கு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போன அதிபுத்திசாலி, களிக்குச் சாமான் வாங்க எங்கே போனான்? தவசிக்கனி அண்ணாச்சி கடைக்கு. தவசிக்கனி திசையன்விளைக்காரர், இவனுக்கும் அந்தப் பக்கம்தான், பேச்சியக்கா பாடிக்கு வீடு மாறிப் போகிற வரைக்கும் அவளுக்கும் அதே கடைதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது சத்தியம். "கருப்பு உளுந்து அரைக்கிலோ," என்றான். "ம்," என்றார். "பச்சரிசி." "ம்." சந்தேகம் வரக்கூடாதே என்று நடுவில் ஒரு சவரப் பிளேடும் கொசுவத்திச் சுருளும் கேட்டான். "கருப்பட்டி, பழசா இருந்தா நல்லது. நல்லெண்ணெய். அண்ணாச்சி, நாட்டுக்கோழி முட்டை கெடக்கா?" அப்போதுதான் அண்ணாச்சி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. போய் முட்டையை எடுத்துத் தாளில் சுற்றினார், கண்ணாடிச் சாடியைத் திறந்து ஒரு குண்டு மஞ்சளை எடுத்துப் பைக்குள் போட்டார். "இது நான் கேக்கலியே அண்ணாச்சி." "கேக்க மாட்டீரு தம்பி. பிள்ளையைப் பெத்தவ இருந்தா கேட்டிருப்பா." அதோடு நிறுத்தினாரா? "பேச்சிக்குச் சொல்லியாச்சா?" "எதை அண்ணாச்சி?" என்று இவன் கேட்ட கேள்விக்கு அவர் பல்லைக் காட்டிச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் கூடவே வந்தது. உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை, இதை ஒரே பையில் வாங்கிக்கொண்டு ஒரு திருநெல்வேலிக்காரன் காலங்காத்தாலே போனால், ஃபிளெக்ஸ் எதற்கு? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் கூடவே கொசுவத்தியையும் வைத்தானாம். நாதஸ்வரம் நின்றது. அப்பாடா. உடனே மறுபடியும் தொடங்கியது.

பேச்சியக்காளுக்கு நடந்தபோது அவனுக்குப் பத்து வயசு. முந்தின நாள் சாயங்காலம் வரை இரண்டு பேரும் வாடகைச் சைக்கிள் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள், அக்காதான் ஓட்டுவாள், இவன் பின்னால், இறக்கத்தில் அவள் இரண்டு கையையும் விட்டுவிட்டு, "ஏலே பாருலே, பாரு," என்று கத்துவாள். மறுநாள் அவளை வீட்டுக்குப் பின்பக்கம் ஓலைக் குச்சுக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய். இவன் எட்டிப் பார்த்ததற்கு முதுகில் ஒன்று விழுந்தது. மைக் செட் என்ன, சீர்வரிசை என்ன, மாமன் கொண்டுவந்த பட்டு என்ன, ஊரே திரண்டு வந்து சாப்பிட்டுப் போனது. அக்கா மறுபடி சைக்கிளைத் தொடவில்லை. அதைவிட அவன் மனசில் தைத்தது வேறொன்று. அதுவரைக்கும் அக்காளைத் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு திரிந்த அப்பா, அதற்குப் பிறகு அவள் இருக்கிற அறைக்குள் நுழையுமுன் வாசலில் நின்று ஒரு செருமல் செருமுவார். வெளியூர் ஆள் மாதிரி. அவளுக்கு வேண்டியதையெல்லாம் அம்மாவிடம்தான் கேட்பார், "அவளுக்குச் செருப்பு வேணுமாமா?" அவள் அங்கேயே நிற்பாள். அப்பா கெட்டவர் இல்லை, கெட்டவர் என்று யார் சொன்னது, அவருக்கு அப்படித்தான் தெரியும். இதெல்லாம் இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது என்றால், கால்மணி நேரம் முன்னால், மாவை அரைத்துவிட்டு, பிள்ளைக்குக் காப்பி வேண்டுமா என்று கேட்கப் போனவன், அந்தச் சாத்தின கதவுக்கு முன்னால் நின்று செருமினான். கேட்டுவிட்டான், தன் செருமலைத் தன் காதாலேயே. அப்பாவின் செருமல் அச்சு அசலாக அப்படியே. காப்பி வேண்டுமா என்று கேட்காமலே அடுப்படிக்குத் திரும்பி வந்துவிட்டான். இங்கே கேட்டுச் சொல்ல நடுவில் ஓர் அம்மாவும் இல்லை. அவன் கேட்காவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள், அவளும் சொல்லமாட்டாள், அப்படியே இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறவர்கள் மாதிரி இருந்து முடித்துவிடலாம். கேட்டே ஆகவேண்டியது ஒன்று இருக்கிறதே. போன வருஷம் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டுப் பார்த்த டாக்டரம்மா, பிள்ளைக்கு ரத்தம் ரொம்பக் குறைவு என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமைதோறும் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற சத்து மாத்திரையைத் தின்றால் குமட்டுகிறது என்று இவள் தின்னாமல் ஜியாமெட்ரி பாக்சில் ஒளித்து வைத்திருந்தாள். கண்டுபிடித்த அன்று வீடு இரண்டுபட்டது. இருக்கிற ரத்தமே கொஞ்சம். அதுவும் போனால்? எவ்வளவு போகும், எத்தனை நாள் போகும், எவ்வளவு போனால் பயப்படணும், தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா? உள்ளே சத்தமே இல்லையே, தூங்குகிறாளா, மயங்கிக் கிடக்கிறாளா? கதவைத் தட்டு. எப்படித் தட்ட, களி. களி கிடக்கட்டும், தட்டு. தட்டி என்னவென்று கேட்க? வயிறு வலிக்கிறதா என்று கேட்கலாம், அது எல்லோரும் கேட்கிறதுதானே, அதற்கென்ன வெட்கம், கேட்கணும், இதோ எண்ணெய் பிரிந்து வரட்டும், இதோ. அவன் கை சுற்றிக்கொண்டே இருந்தது, எண்ணெய் ஏற்கெனவே பிரிந்திருந்தது.

மூன்றாம் தடவையாக நாதஸ்வரம் ஊதியது, ஊதின வேகத்தில் பாதியில் நின்றது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டதா? கேட்டது. "ஹலோ, அத்தை," என்று செண்பகாவின் குரல். கோமதிநாயகம் கிண்டுவதை நிறுத்தாமல் காதை மட்டும் கூடத்துக்கு அனுப்பினான். "ம். காலையில. ம். அப்பா களி கிண்டிட்டு இருக்காங்க." அப்புறம் குரல் தணிந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. போச்சு, எல்லாம் போச்சு, சத்தியம் பண்ணி முழுசாக ஒரு பொழுது தாங்கவில்லை, இனி அவள் இவனை எதில் நம்புவாள்? அடுப்படி வாசலில் நிழல் விழுந்தது. அவன் திரும்பவில்லை.

"அத்தை எல்லாம் தெரியும்னாங்க. தாய்மாமாவுக்குச் சொல்லி அனுப்பட்டுமா, என்னைக்குத் தண்ணி ஊத்தணும்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஃபிளெக்ஸ் வேணாம், மண்டபம் வேணாம், ஒண்ணும் வேணாம்னு சொன்னேன். அழுதாங்க. அப்புறம், சரிட்டி, உனக்கு வேண்டாம்னா வேண்டாம், நான் மட்டும் வாரேன், ஒருத்தருக்கும் சொல்லலன்னு சொன்னாங்க." அப்புறம் அவன் முதுகைப் பார்த்து, "நீங்க சத்தியம் பண்ணீங்க."

"நான் வாயே தொறக்கலம்மா. சங்கரன்கோவில் கோமதி அம்மன் மேல ஆணையா, ஒரு வார்த்தை சொல்லல."

"அப்ப எப்படித் தெரிஞ்சுது?"

அவன் திரும்பினான். பிள்ளை பள்ளிக்கூட விளையாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை விரித்துவிட்டு, முகம் வெளுத்து நின்றாள். "உளுந்து வாங்கினேன்," என்றான். "கருப்பட்டியும். நாட்டுக்கோழி முட்டையும்."

"எல்லாம் ஒரே கடையிலயா?"

"ஒரே கடையிலதான்."

"தவசிக்கனி அண்ணாச்சி கடையில."

"கொசுவத்தியும் சேத்துத்தான் தாயி வாங்கினேன்."

செண்பகா அவனைப் பார்த்தாள், மேடையில் இருந்த கொசுவத்தியைப் பார்த்தாள், அடக்கப் பார்த்து முடியாமல் குபீரென்று சிரித்துவிட்டாள். ராமலட்சுமிக்கும் சிரிப்பு இப்படித்தான் வரும், தோள் குலுங்கி. இவனுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் நடுவில் சட்டென்று வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கரண்டி அவன் கையைவிட்டு எப்போது போனது என்று அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் வந்துவிட்டான். வந்தவனுக்குத் தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை, எண்ணெய்க் கை அந்தரத்தில் நின்றது. நின்றது ஒரு கணந்தான், பிறகு அவள் தலையில் போய் உட்கார்ந்தது. "வலிக்காம்மா?"

அவள் தலையை ஆட்டினாள். குனிந்தபடியே, "அம்மாவுக்கும் இப்படித்தான் வலிக்குமாப்பா?" என்று கேட்டாள்.

பதினாலு வருஷத்தையும் அவன் ஒரு மூச்சில் தேடிப் பார்த்தான். இதே வீடு, இதே அடுப்படி. மாசத்தில் சில நாள் ராமலட்சுமி சுவரோரம் தனியாகப் பாயை விரித்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, சுவரைப் பார்க்கப் படுத்திருப்பாள். அன்றைக்கும் காலையில் எழுந்து டிபன் பாக்சைக் கட்டிக் கொடுத்திருக்கிறாள், வாங்கிக்கொண்டு இவன் போயிருக்கிறான். அவள் முகம் அப்போது எப்படி இருந்தது? டிபன் பாக்ஸ் ஞாபகம் வருகிறது, முகம் வரவில்லை. ஆமாம் தாயி, அம்மாவுக்கும் இப்படித்தான், ஒரு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லிவிடலாம், பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கும். நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"தெரியலியே தாயி," என்றான். "நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

செண்பகா அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அவன் அடுப்பை அணைத்தான். கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே, அவனும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முழங்கால் மளுக்கென்று சத்தம் போட்டது.

"உனக்கு எப்படி வலிக்கு? சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. சாயங்காலம் டாக்டரம்மாகிட்டப் போய், விடாம கேப்போம்."

"உங்ககிட்டயா சொல்லணும்?"

"எங்கிட்டதான்."

அவள் சுவரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கடைசியில் அவனைப் பார்த்தாள். அவன் செருமவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

"மொதல்ல முதுகுல, கீழ இருந்து ஆரம்பிக்குதுப்பா," என்று அவள் சொல்லத் தொடங்கினாள்.